நுங்கு சாப்பிடலாமா?

உங்களிடம் ஒரு கேள்வி.

காலையில் ஓர் இழவு வீட்டுக்குப் போய்விட்டு வருகிறீர்கள். செத்தது வயசாளி இல்லை. சின்ன வயசுப் பெண். 'அம்மா எங்கே?' என்று கேட்கத் தெரிந்த வயசில் ஒரு பிள்ளை, கேட்கவே தெரியாத வயசில் இன்னொன்று. வீட்டுக்கு வந்து குளித்து, துணி மாற்றி உட்காருகிறீர்கள். வெளியே கத்திரி வெயில் கொளுத்துகிறது. யாரோ ஒருவர் வந்து, சீவிய நுங்கு பத்தை ஓலையில் வைத்துக் கொடுத்துவிட்டுப் போகிறார். நல்ல இளசு. விரல் பட்டாலே தண்ணீர் தெறிக்கிறது.

சாப்பிடலாமா?

'இதென்ன கேள்வி? பசித்தால் சாப்பிட வேண்டியதுதானே' என்பீர்கள். சரி, சாப்பிடுங்கள். தொண்டையில் ஒரு குளிர்ச்சி இறங்குகிறதே, அதை ரசிக்கலாமா? கேள்வி அதுதான்.

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர் ஒரு பாதிரியார். வெம்பக்கோட்டைப் பக்கம் கிராமத்துச் சபைகளைப் பார்த்துக்கொள்கிறவர். தன் பெயரும் ஊரும் வேண்டாம் என்றார். அவர் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவர். சி.எஸ்.ஐ. என்றால் உங்களுக்குச் சட்டென்று புரியும். 1947 செப்டம்பர் 27 அன்று, நாடு விடுதலையாகி ஆறே வாரத்தில், சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் பிறந்த சபை அது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் என்று தனித்தனியாக இருந்த சபைகள் ஒரே குடையின் கீழ் வந்தன. பேராயர், அவருக்குக் கீழே ஊர் ஊராகக் குருவானவர்கள் என்கிற ஆங்கிலிக்கன் ஏற்பாட்டை அது விட்டுவிடவில்லை. குருவானவர்கள் கல்யாணம் செய்துகொள்ளலாம். பிள்ளை குட்டி உண்டு. ரேஷன் கார்டு உண்டு. மாதக் கடைசி உண்டு.

தென் மாவட்டங்களில் இவர்களை ஜனங்கள் 'ஐயர்' என்பார்கள். வெளியூர்க்காரர்கள் குழம்பிப்போவார்கள். இது பாதிரி ஐயர். அவர் மனைவி ஐயரம்மா. அவர்கள் இருக்கும் வீடு குருமனை. அவர் பொறுப்பில் உள்ள சில ஊர்ச் சபைகள் சேர்ந்தால் ஒரு சேகரம். மதுரை, சென்னை மாதிரி ஊர்களில் ஐயர் ஒரே ஆலயத்தைப் பார்த்தால் போதும். இங்கே ஞாயிற்றுக்கிழமை என்றால் டூ வீலரில் அங்கி மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் பறக்க வேண்டும்.

"ஜெபம் பண்ணிட்டு வந்தேன் சார். கை கழுவுனேன். வீட்டுல நுங்கை எடுத்து வச்சாங்க. ஒண்ணை வாயில போட்டேன். அவ்வளவு நல்லா இருந்துச்சு. அந்த நல்லா இருந்ததுதான் சார் குத்துது."

சிரித்துவிட்டுப் போகிற விஷயமாக எனக்குப் படவில்லை. ஏன் என்று புரிய, அந்த ஊரின் கோடையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

வெம்பக்கோட்டை விருதுநகர் மாவட்டத்தில், சிவகாசிக்குத் தெற்கே இருக்கிறது. கரிசல் பூமி. மழை வந்தால் சேறு, வெயில் வந்தால் வெடிப்பு. வைப்பாறு ஓடுகிறது என்று வரைபடம் சொல்லும். மே மாதத்தில் போய்ப் பார்த்தால் மணல்தான் இருக்கும். மானத்தை நம்பி விவசாயம் செய்து சலித்தவர்கள் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் போனார்கள். 1920-களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பட்டாசு அதன் பின்னாலேயே வந்தது. மழை இல்லாத காய்ந்த வானம் விவசாயிக்குச் சாபம். மருந்து காய வைக்கிறவனுக்கு வரம்.

'மருந்து' என்றால் வெடிமருந்து. இந்த வட்டாரத்தில் அதற்குப் பேரே அவ்வளவுதான். 'மருந்து ரூமுக்குப் போயிருக்கா' என்றால் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பதாக நினைத்துவிடாதீர்கள்.

அந்த வரம் எந்த நேரமும் கோபித்துக்கொள்ளும். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி: சுமார் 40 உயிர்கள். 2021 பிப்ரவரி 12, அச்சன்குளம்: 20-க்கும் மேல். 2024 பிப்ரவரியில் வெம்பக்கோட்டை பக்கத்து ராமுதேவன்பட்டி. அதே ஆண்டு மே 9-ம் தேதி, சரியான கத்திரி வெயிலில், சிவகாசிப் பக்கம் செங்கமலப்பட்டி. செத்தவர்களில் பெண்கள் பலர். விசாரணைகளில் திரும்பத் திரும்ப அதே காரணங்கள்தான் வருகின்றன. மருந்தில் உராய்வு, ஓர் அறைக்கு இத்தனை பேர் என்ற கணக்கை மீறி ஆட்கள், உரிமம் ஒருவர் பேரில் இருக்க வேறொருவர் நடத்தும் உள்குத்தகை.

அந்த மே 9 ஒரு வியாழக்கிழமை. கிறிஸ்தவக் காலண்டரில் அன்று பரமேறுதல் திருநாள். இயேசு உயிர்த்தெழுந்து நாற்பதாம் நாள் விண்ணுக்குப் போன நாள் என்று ஆலயங்களில் ஆராதனை நடக்கும். அன்று மத்தியானம்தான் செங்கமலப்பட்டியில் வெடித்தது. காலையில் மேலே போனவரைப் பற்றிப் பேசிய வாய், மாலையில் கீழே கிடப்பவர்களின் சொந்தக்காரர்களிடம் என்ன பேசும்?

இப்போது அந்த ஐயரின் கோடை நாளைப் பாருங்கள்.

விடியுமுன் எழுந்துவிடுவார். கண்மாய்க் கரையில் பனை இருக்கிறது. பனையேறி ஒருவர் காலில் தளைநாரைப் போட்டுக்கொண்டு அந்நேரமே மரத்தில் இருப்பார். இறங்கியதும் ஓலைப்பட்டை மடித்துப் பதநீர் ஊற்றித் தருவார். பட்டையின் பச்சை வாசனையோடு அதைக் குடிப்பது ஐயருக்கு முதல் சந்தோஷம்.

ஏழு மணிக்குப் பட்டாசு ஆலை வேன் வந்து அம்மாக்களை ஏற்றிக்கொண்டு போகும். பிள்ளைகள் மிச்சம். பள்ளிக்கூடம் லீவு. மே மாதத்தில் பத்து நாள் ஆலயத்தில் விடுமுறை வேதாகமப் பள்ளி. பிள்ளைகள் வாயில் அது 'வி.பி.எஸ்.' பாட்டு, ஆட்டம், கதை, நடுவில் ஒரு டம்ளர் ஆரஞ்சு கலர் சர்பத். கிறிஸ்தவப் பிள்ளைகள்தான் வருவார்கள் என்று நினைக்காதீர்கள். மாரியம்மன் கோவில் தெருவே வந்துவிடும். அம்மாக்களுக்கு வேண்டியது, வேன் திரும்பி வரும்வரை பிள்ளை பத்திரமாக இருக்கிற ஓர் இடம். கையைத் தட்டிக் குதித்துப் பாடுகிற எழுபது பிள்ளைகளுக்கு நடுவே குதிக்கிறார் ஐயர். இது இரண்டாவது.

மத்தியானம் முருங்கைக்காய்க் குழம்பு. குருமனை வாசலில் நிற்கும் முருங்கை அவர் வைத்ததல்ல. இவர்களுக்கு நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை இடமாற்றம் வரும். முந்தின ஐயர் நட்டுவிட்டுப் போனதில் இவர் சாப்பிடுகிறார். இவர் நட்டிருக்கும் நாட்டு நெல்லி, அடுத்து வரப்போகிறவருக்கு. சாப்பிடும்போதெல்லாம் முந்தின ஐயருக்கு ஒரு போன் போட்டு, "அண்ணன், உங்க மரம் இன்னைக்கும் காய்ச்சிருக்கு" என்று சொல்வாராம். இது மூன்றாவது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஏலம். காசு இல்லாத வீட்டிலிருந்து காணிக்கையாக ஒரு முட்டை வரும், இரண்டு எலுமிச்சம்பழம் வரும், மூர்க்கமான ஒரு சேவல் வரும். எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். ஓர் எலுமிச்சம்பழம் முந்நூறு ரூபாய்க்குப் போகும். ஏலம் எடுத்த ரிட்டயர்டு வாத்தியார் அதை 'மறு ஏலம்' என்று திருப்பிக் கொடுப்பார். அது மறுபடி நூற்றைம்பதுக்குப் போகும். உலகத்தில் எந்தப் பொருளாதார நிபுணரும் விளக்க முடியாத சந்தை அது. ஐயர் விழுந்து விழுந்து சிரிப்பார்.

இப்படிப்பட்ட ஒரு வாரத்தின் நடுவில்தான் சாவு வருகிறது. வேன் திரும்பி வருகிறது. ஒருத்தி மட்டும் இறங்குவதில்லை.

அந்த ஐயரின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். மத்தியானம் நுங்கு, சாயங்காலம் கல்லறைத் தோட்டம். இதில் எதை நிஜம் என்பீர்கள்? ஊரில் சிலர் பேசவும் செய்வார்கள். 'எழவு விழுந்த வீட்டுக்குப் போயிட்டு வந்த மனுஷன் நுங்கு திங்கிறாரு பாரு' என்று. வெளியில் பேசுகிறவனைச் சமாளித்துவிடலாம். உள்ளே ஒருவன் உட்கார்ந்து அதையே பேசுகிறானே!

இதற்குப் பழைய பதில்கள் இரண்டு இருக்கின்றன. இரண்டுமே பாதிரியார்கள் வாழ்ந்து காட்டியவை.

முதல் பதில் சிவகாசியிலேயே கிடைக்கிறது. தாமஸ் ராக்லண்ட் என்று ஒருவர். 1815-ல் ஜிப்ரால்டரில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் கணிதத்தில் முதல் வரிசையில் தேறியவர். அங்கேயே கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியில் ஃபெலோவாக இருந்து, புத்தகமும் புல்வெளியுமாகக் காலத்தை ஓட்டியிருக்கலாம். சி.எம்.எஸ். மிஷனரியாக இந்தியா வந்தார். சென்னையில் மேஜை உத்தியோகம் பார்த்தார். அதையும் விட்டுவிட்டு, 1854 முதல் வடதிருநெல்வேலிச் சீமையில், அதாவது இன்றைய சிவகாசி வட்டாரத்தில், கூடாரம் அடித்து ஊர் ஊராக அலைந்தார். கரிசல் காட்டில், துணிக் கூடாரத்தில் வாசம். மின்விசிறி என்ற சொல்லே பிறக்காத காலம். 1858 அக்டோபர் 22-ம் தேதி சிவகாசியில் இறந்துபோனார். வயது 43.

'ஜனம் வெயிலில் இருக்கும்போது எனக்கு என்ன நிழல்?' என்று கேட்கிற வாழ்க்கை அது. கும்பிடத் தோன்றுகிறது. ஆனால், எல்லாரும் அப்படி இருக்க முடியுமா? நம் ஐயருக்கு மனைவி இருக்கிறார். எட்டாம் வகுப்பு படிக்கிற பெண் இருக்கிறாள். அவளைக் கூடாரத்தில் வளர்க்க முடியாது.

இரண்டாவது பதில் இங்கிலாந்தில். ஜேம்ஸ் வுட்ஃபோர்ட் என்று ஒரு கிராமத்துப் பாதிரியார். நார்ஃபோக்கில் வெஸ்டன் லாங்வில் என்கிற ஊரில் 1776-லிருந்து 1803-ல் சாகும்வரை இருந்தார். பிரமாதமான பிரசங்கம் செய்தார், புரட்சி செய்தார் என்றெல்லாம் ஒன்றுமில்லை. நாற்பது வருஷத்துக்கு மேல் விடாமல் டயரி எழுதினார். அதில் பாதி, என்ன சாப்பிட்டார் என்பது. 1778-ல் அவர் வளர்த்த இரண்டு பன்றிகள் பீர் மண்டியைக் குடித்துவிட்டுப் போதையில் தள்ளாடின. அதையும் எழுதிவைத்திருக்கிறார். திருட்டுத்தனமாக வந்த தேயிலையை ராத்திரியில் கொண்டுவந்து கொடுத்த கடத்தல்காரரின் பெயரையும் எழுதியிருக்கிறார்! அவர் இறந்து நூறு வருஷத்துக்கு மேல் கழித்து 1924-லிருந்து அந்த டயரி புத்தகமாக வந்தது. இங்கிலாந்தில் அதை ரசித்துப் படிக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

'சாப்பாடு, தூக்கம், பன்றி... இவரெல்லாம் ஒரு பாதிரியாரா?' என்று கேட்கலாம். அந்தச் சாப்பாடு எங்கிருந்து வந்தது? ஊர் விவசாயிகள் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைப் பாதிரியாருக்குக் கட்ட வேண்டும் என்ற சட்டத்திலிருந்து. தசமபாகம். பண்ணையில் வேர்வை சிந்தியவர் ஒருவர். மேஜையில் உட்கார்ந்து வாத்து தின்றவர் இன்னொருவர்.

ஆனாலும் வுட்ஃபோர்டை முழுசாகத் தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை. வருஷா வருஷம் தசமபாகம் கட்ட வந்த விவசாயிகளை வீட்டில் உட்கார வைத்து விருந்து போட்டார். கிறிஸ்துமஸ் அன்று ஊரின் ஏழைக் கிழவர்களைக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டு, ஆளுக்கு ஒரு ஷில்லிங் கொடுத்து அனுப்பினார். கணக்கு நேராகிவிடாது. அவர் தின்றதற்கும் கொடுத்ததற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஆனால், யார் காசில் சாப்பிடுகிறோம் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது. பெயர் பெயராகத் தெரிந்திருந்தது.

இந்த இடத்தில் ஒரு நிமிஷம் நிற்போம்.

ஒரு வீட்டில் சாவுப் பறை, பக்கத்து வீட்டில் கல்யாண மேளம் என்கிற காட்சியைத் தமிழில் ரொம்ப நாள் முன்பே ஒருவர் பார்த்துவிட்டார். புறநானூற்றின் 194-வது பாட்டைப் பாடிய பக்குடுக்கை நன்கணியார். இரண்டும் ஒரே நேரத்தில் கேட்கும்படி உலகத்தைப் படைத்தவனைப் பண்பில்லாதவன் என்றே ஏசுகிறார். கடைசியில், இந்த உலகம் கொடியதுதான், அதன் குணம் தெரிந்தவர்கள் இனியதைப் பார்க்கட்டும் என்று முடிக்கிறார். பவுல் ரோமருக்கு எழுதிய கடிதத்திலும் சந்தோஷப்படுகிறவர்களோடு சந்தோஷப்படுவதும் அழுகிறவர்களோடு அழுவதும் ஒரே மூச்சில் வருகின்றன. ஒன்று முடிந்து மற்றது என்று வரிசை வைத்து அவர் சொல்லவில்லை.

வரிசை வைத்தால் என்ன ஆகும் தெரியுமா? ஊரில் எல்லா வீட்டுத் துக்கமும் தீர்ந்த பிறகுதான் நான் நுங்கு தின்பேன் என்று ஓர் ஐயர் முடிவெடுத்தால், அவர் சாகும்வரை நுங்கு தின்ன முடியாது. அதாவது பரவாயில்லை. மறுநாள் காலையில் எழுபது பிள்ளைகள் வந்து நிற்கும். அதில் நேற்றுத் தாயைப் பறிகொடுத்த பிள்ளையும் ஒரு நாள் வந்து நிற்கும். அதற்கு முன்னால் யார் குதிப்பது? மனசு வறண்டுபோன ஆள் குதித்தால் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். துக்க வீட்டில் நிற்கத் தெம்பு வேண்டும். அந்தத் தெம்பு பதநீரிலிருந்தும் முருங்கையிலிருந்தும் சேவல் ஏலத்திலிருந்தும்தான் வருகிறது.

இதை ஐயரிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். ஆனால், திருப்தி இல்லை.

"நீங்க சொல்றது சரி சார். தெம்புக்குன்னு சாப்பிட்டா அது மருந்து மாதிரி ஆயிடுது. எனக்குக் குத்துனது வேற. நான் நுங்கு தின்னேனே, அதைப் பறிச்சவரு நாற்பதடி மரத்துல ஏறினாரு. விழுந்தா எழவுதான். அந்தப் பொண்ணு எங்கேயோ ஒரு குழந்தை தீபாவளிக்குச் சிரிக்கிறதுக்காகத் திரி வச்சுக்கிட்டிருந்தா. செத்துப் போயிட்டா. நான் திங்கிற நுங்குக்கும், அந்தக் குழந்தை கொளுத்துற புஸ்வாணத்துக்கும் என்ன சார் வித்தியாசம்? ரெண்டுக்கும் பின்னால ஒருத்தர் உசுரைப் பணயம் வச்சிருக்காங்க."

பி.காம். படித்த புத்திக்கு இது உடனே உறைத்தது. இரட்டைப் பதிவு முறையில் முதல் பாடமே, ஒரு பக்கம் பற்று எழுதினால் எதிர்ப் பக்கம் வரவு எழுதியாக வேண்டும் என்பதுதான். ஒரு பக்கம் மட்டும் எழுதின கணக்கு கணக்கே இல்லை. நம் சந்தோஷங்களை நாம் ஒற்றைப் பதிவில்தான் எழுதிவருகிறோம். எனக்கு வந்தது என்ற பக்கம் நிறைந்திருக்கிறது. யாரிடமிருந்து என்ற பக்கம் காலி.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு ஐயரே சொன்னார்: "ஒரு வித்தியாசம் இருக்கு சார். எனக்கு மரம் ஏறினவர் முகம் தெரியும். அவருக்கு எந்த முழங்கால் வலிக்கும்னு தெரியும்."

இதுதான் விஷயம் என்று எனக்குப் பட்டது. சின்னச் சந்தோஷம், பெரிய சந்தோஷம் என்று சொல்கிறோமே, அதை நாம் விலையை வைத்துப் பிரிக்கிறோம். பத்து ரூபாய்ப் பதநீர் சின்னது, பத்தாயிரம் ரூபாய் வாணவேடிக்கை பெரியது. அப்படிப் பிரிக்கக்கூடாதோ என்னவோ? கொடுத்தவர் முகம் தெரிகிற அளவுக்குப் பக்கத்தில் இருப்பது சின்னச் சந்தோஷம். முகம் மறைந்துபோகிற அளவுக்கு விலகிப்போய்விட்டது பெரிய சந்தோஷம். ஐயரின் கோடையைத் திரும்பப் பாருங்கள். பதநீருக்கு ஒரு முகம். முருங்கைக்காய்க்கு முந்தின ஐயரின் முகம். எலுமிச்சம்பழத்துக்கு, காசில்லாமல் அதைக் கொண்டுவந்து வைத்த கிழவியின் முகம். அவர் சந்தோஷங்கள் ஒவ்வொன்றும் எதிர்ப்பக்கப் பதிவோடு இருக்கின்றன.

முகம் தெரிந்தால் மட்டும் போதுமா? மரத்திலிருந்து விழுகிறவன் முகம் தெரிந்தாலும் விழத்தான் செய்வான். நியாயமான கேள்வி. முகம் தெரிந்தபின் சும்மா இருக்க முடியாது என்பதுதான் இதில் உள்ள தொந்தரவு. அந்தப் பனையேறியைப் பனைமரத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவுசெய்ய வைக்க ஐயர் மூன்று முறை அலைந்தார். விண்ணப்பத்தைத் தன் கைப்பட நிரப்பினார். ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு நேரத்தில், கல்யாண ஓலைக்கும் பெண்கள் ஐக்கியக் கூட்டத்துக்கும் நடுவே, "வெயில் ஏறினப்புறம் மருந்துல கை வைக்காதீங்க. ரூமுக்குள்ள ஆள் கூடுனா வெளியே வந்துடுங்க. அன்னைக்குக் கூலி போனா என்கிட்ட வாங்க" என்கிறார். அவர் பையில் அத்தனை பேருக்குக் கூலி கொடுக்கக் காசு கிடையாது. எல்லாருக்கும் தெரியும். ஃபோர்மேன்களில் ஒருவர் அவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்திவிட்டார். அவரும் அதே ஆலயத்தில் மூன்றாவது பெஞ்சில் உட்காருகிறவர்தான்.

அப்படியானால் பட்டாசையே நிறுத்திவிடலாமா? ஊருக்கு வெளியே இருந்து இப்படிக் கேட்பது சுலபம். ஐயரிடம் கேட்டபோது பதறிப்போனார். "வேலை போச்சுன்னா அது இன்னொரு எழவு சார். அதுக்குப் பறை அடிக்கமாட்டாங்க, அவ்வளவுதான்."

இந்த மண்ணுக்கு அடுத்தவர் சந்தோஷத்தைச் செய்துகொடுப்பது புதுசும் இல்லை. வெம்பக்கோட்டை அருகே விஜயகரிசல்குளத்தில், வைப்பாற்றின் கரை மேட்டில், 2022 மார்ச்சில் தமிழகத் தொல்லியல் துறை அகழாய்வைத் தொடங்கியது. அங்கே கிடைத்தவற்றின் பட்டியலைப் பாருங்கள். சங்கு வளையல்கள், கண்ணாடி மணிகள், சுடுமண் பொம்மைகள், சில்லு விளையாடும் வட்டுகள், ஆட்டக்காய்கள். கிழக்கே கடற்கரையிலிருந்து சங்கு இந்தக் கரிசலுக்கு வந்திருக்கிறது. யாரோ உட்கார்ந்து அதை அறுத்து, தேய்த்து, வளையலாக்கியிருக்கிறார்கள். எந்தப் பெண்ணோ அதைப் போட்டுக்கொண்டு கையை ஆட்டிப் பார்த்துச் சிரித்திருப்பாள். அறுத்தவன் கையில் எத்தனை கீறல் என்று யாருக்கும் தெரியாது. வளையல் மட்டும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது.

முன்பு முகம் தொலைவதற்கு நூற்றாண்டுகள் தேவைப்பட்டன. இன்றைக்குச் சிவகாசியிலிருந்து டெல்லிக்கு லாரி போய்ச் சேருவதற்குள் தொலைந்துவிடுகிறது.

இது பட்டாசைப் பற்றி மட்டும் இல்லை என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். உங்கள் வீட்டு வாசலுக்கு இருபது நிமிஷத்தில் பிரியாணி கொண்டுவருகிற பையனுக்கு முகம் உண்டு. நீங்கள் நடக்கிற தெருவின் சாக்கடையை ராத்திரியில் அடைப்பெடுத்தவருக்கு உண்டு. எல்லா முகத்தையும் நினைத்துக்கொண்டிருந்தால் ஒரு வாய்ச் சோறு இறங்காது என்பதும் உண்மை. ஐயரும் எல்லாவற்றையும் நினைப்பதில்லை. தன் கைக்கு எட்டிய நாலு முகத்தை நினைக்கிறார். நாலுக்கு ஓடுகிறார். மிச்ச நேரத்தில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, குருமனைத் திண்ணையில் வேப்பங்காற்றில் படுத்துத் தூங்குகிறார். இந்தத் தூக்கத்தை அவரிடமிருந்து பிடுங்க எனக்கு உரிமை இருப்பதாக நான் நினைக்கவில்லை. உங்களுக்கும் இல்லை.

சந்தோஷப்படுவதற்கு வெட்கப்பட வேண்டாம் என்பது ஐயரின் கோடையில் நான் படித்தது. வெட்கப்படுவதால் செத்தவள் எழுந்துவரப்போவதில்லை. வெட்கப்படுகிறவன் வெகு சீக்கிரம் துக்க வீட்டுக்குப் போவதையே நிறுத்திவிடுவான். ரசிக்கிறவன்தான் திரும்பத் திரும்பப் போவான். ஆனால், ரசிப்பவனுக்கு ஒரு கடன் இருக்கிறது. தான் ரசிப்பது யாருடைய கையிலிருந்து வந்தது என்று கேட்கிற கடன். கேட்டுத் தெரிந்துகொண்டபின், கையால் ஆனதைச் செய்கிற கடன்.

அடுத்த தீபாவளிக்குப் பட்டாசு வாங்குவீர்கள். வாங்குங்கள். கொளுத்துமுன் பெட்டியைத் திருப்பி, அடியில் பொடி எழுத்தில் போட்டிருக்கும் ஊர்ப் பெயரை உங்கள் பிள்ளையைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். 'அங்கே யாரு இருக்காங்க?' என்று அது கேட்கும். அவசரப்பட்டு வத்தியைக் கிழித்துவிடாதீர்கள். கேட்டதற்கு முதலில் பதில் சொல்லுங்கள்.